வாசகர் கேள்வி: கையெழுத்துப் போட்டுவிட்டோம், அப்புறம்?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. பள்ளியில் குழந்தைகள் உரிமை பற்றி எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். ஐ.நா. உடன்படிக்கையில் அமெரிக்கா மட்டும் சேரவில்லை, இந்தியா சேர்ந்துவிட்டது என்கிறாள். அப்படியானால் ஓணம் லீவில் அவள் என்னோடு ஏலக்காய் எடுக்க வருவது தப்பா? அந்தக் கூலியில்தான் நோட்டு வாங்குகிறோம்.
– ஒரு வாசகி, நெடுங்கண்டம்

பதில்: மகள் சொல்வது சரிதான் அம்மா. 1989-ல் வந்த அந்த உடன்படிக்கையில் அமெரிக்கா 1995-ல் கையெழுத்துப் போட்டதோடு சரி, அதில் சேர வேண்டுமானால் தேவைப்படும் அவர்கள் மேலவையான செனட்டின் ஒப்புதல் இன்றுவரை இல்லை. பெற்றோர் உரிமையில் வெளியார் கை வைப்பார்கள் என்ற பயம் அங்கே பெரிது. ஆனாலும் 18 வயதுக்குள் குற்றம் செய்தவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்று அதன் உச்ச நீதிமன்றம் 2005-ல் சொன்னபோது, இதே உடன்படிக்கையை எடுத்துக்காட்டியது.

நாம் 1992-ல் சேர்ந்தோம். சேரும்போதே, குழந்தை உழைப்பு பற்றிய 32-ஆம் பிரிவை மட்டும் படிப்படியாகத்தான் செய்வோம், எல்லா வேலைக்கும் குறைந்தபட்ச வயதை உடனே வைக்க முடியாது என்று எழுதிக் கொடுத்தோம். எனக்கு மனசு ஆறாதது இதில்தான். 2016 சட்டத்திருத்தம் 14 வயதுக்குக் கீழ் யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது, நல்லது, ஆனால் பள்ளி முடிந்த பிறகும் லீவிலும் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று ஒரு கதவையும் திறந்து வைத்தது.

அடுத்தவர் தோட்டம் உங்கள் குடும்பத் தொழில் ஆகாது அம்மா. அதனால் தப்புதான், ஆனால் முதல் தப்பு உங்களுடையது இல்லை, வேலைக்கு எடுக்கிறவருடையது. கம்பம்மெட்டில் விடியற்காலை மலையேறும் ஜீப்பில், தூக்குவாளியை மடியில் வைத்து அம்மா தோளில் தூங்கும் பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். ஏலக்காய் செடியின் தூரில், தரையோடு கிடக்கும் சரத்தில்தானே இருக்கிறது? மழை ஈரத்தில் அட்டைக்கடியோடு, மருந்து அடித்த செடிக்கு அடியில் நாள் முழுக்கக் குந்தியிருக்க வேண்டும். பெரியவர்களுக்கே இடுப்பு விட்டுப்போகும் வேலை.

32-ஆம் பிரிவையும் நாம் எழுதிக் கொடுத்ததையும் அவள் கட்டுரையில் சேர்க்கச் சொல்லுங்கள். இந்த ஓணத்துக்கு அவள் வீட்டில் இருக்கட்டும். பிள்ளையையும் கூட்டிவா என்று யாராவது வற்புறுத்தினால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்யுங்கள். நோட்டுக்குப் பணம் இல்லை என்பதை வகுப்பு டீச்சரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.