உடல் களைத்திருக்கிறது, உறக்கம் மட்டும் வரவில்லை

கேள்வி: வயது 38. சிங்கப்பூர் ஈசூனில் வசிக்கிறேன். டிசம்பரில் முதன்முறையாக 42 கிலோமீட்டர் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன்; இன்னும் 4 மாதங்கள் உள்ளன. வாரம் 25 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவன், ஐந்தே வாரத்தில் 55க்கு வந்துவிட்டேன். வேலை முடிந்து இரவு 9 மணிக்குத்தான் ஓட முடிகிறது. 11 மணிக்குப் படுத்தால் 1 மணி வரை புரள்கிறேன். 3 மணிக்கு மறுபடியும் விழிப்பு. காலை நாடித்துடிப்பு முன்பு 54, இப்போது 62. தூக்க மாத்திரை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: மாத்திரை வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய எண் 62தான். காய்ச்சலோ சளியோ இல்லாமல், எழுந்தவுடன் எடுக்கும் துடிப்பு பல நாள்களாக எட்டு கூடியிருக்கிறது என்றால், முந்தைய ஓட்டத்திலிருந்து உடல் இன்னும் மீளவில்லை என்று பொருள். நன்றாக ஓடினால் நன்றாகத் தூங்கலாம் என்பது அளவான பயிற்சிக்குப் பொருந்தும். சுமை இப்படித் திடீரென இரட்டிப்பாகும்போது நரம்பு மண்டலம் இரவிலும் விழிப்பு நிலையிலேயே இருந்துவிடுகிறது. தசையைச் சீராக்க உதவும் வளர்ச்சி ஹார்மோன் பெரும்பாலும் இரவின் முதற்பகுதி ஆழ்ந்த உறக்கத்தில்தான் சுரக்கிறது. நீங்கள் இழப்பது அந்த நேரத்தைத்தான்.

நம் ஊர் வெக்கையும் சேர்ந்துகொள்கிறது. உறக்கம் வர உடலின் உள்வெப்பம் சற்றுத் தணிய வேண்டும். ஈரப்பதம் மிகுந்த சிங்கப்பூர் இரவில் வியர்வை வழிகிறதே தவிர எளிதில் ஆவியாவதில்லை; ஆவியானால்தானே உடல் குளிரும்? பத்து மணிக்கு ஓட்டத்தை முடித்து 11 மணிக்குப் படுப்பவரின் உடல் இன்னும் சூடாகவே இருக்கும். ஓடியபின் பத்து நிமிடம் நடந்துவிட்டு வெதுவெதுப்பான நீரில் குளியுங்கள். தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து உள்வெப்பம் வெளியேறும்.

முதல் பத்து நாள்களுக்கு வாரத் தூரத்தை 30 கிலோமீட்டராகக் குறையுங்கள். நாடித்துடிப்பு பழைய நிலைக்கு வந்தபின் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். ஒவ்வொரு நான்காம் வாரமும் இறக்குங்கள். நான்கு மாதம் இதற்குப் போதும். இரவு ஓட்டம் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தைத் தாண்டக் கூடாது. வேக ஓட்டத்தையும் நீண்ட ஓட்டத்தையும் வார இறுதிக் காலைகளுக்கு மாற்றுங்கள். ஏழு மணி வாக்கில்தான் சூரியன் உதிக்கிறது என்பதால், ஆறு மணிக்கு லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கப் பக்கம் ஓடுவது இதமாக இருக்கும். அதற்காக வேலை நாள்களில் நாலரை மணிக்கு எழுந்து ஓடுகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். இருக்கும் உறக்கத்தையும் வெட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

மூன்று மணி விழிப்புக்குப் பசியும் ஒரு காரணமாக இருக்கலாம். எடை கூடிவிடுமோ என்று இரவில் அரை வயிறாகப் படுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓட்டத்துக்குப்பின் சோறு அவசியம். கூடவே இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் பருப்பும் சேர்த்தால் ஏறத்தாழ 20 கிராம் புரதம் கிடைக்கும். தண்ணீரைப் படுக்கும் நேரத்தில் மொத்தமாகக் குடிக்காமல், மாலை முதலே பிரித்துக் குடியுங்கள். மாலை 4 மணிக்குக் காப்பிக்கடையில் குடிக்கும் கோப்பி ஓவின் (பால் சேர்க்காத காப்பி) கஃபீனில் பாதியளவு இரவு 9 மணிக்கும் உடலில் இருக்கும். ஓடும்போது உண்ணும் சில ஜெல்களிலும் கஃபீன் உண்டு. உறையைப் படித்துப் பாருங்கள்.

இரண்டு வாரம் சுமையைக் குறைத்தும் துடிப்பு இறங்காவிட்டால் பலதுறை மருந்தகத்துக்குச் சென்று மருத்துவரைப் பாருங்கள். படுத்ததும் கால்களில் ஏதோ ஊர்வதுபோல் இருந்து, அசைக்காமல் இருக்க முடியாவிட்டால், இரும்புச்சத்துப் பரிசோதனை கேளுங்கள். குறட்டைக்கு நடுவே மூச்சு நிற்பதாக வீட்டில் யாராவது சொன்னால் அதையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள். ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ இரண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது. ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு அவசர மருத்துவ உதவிக்கு 995ஐ அழையுங்கள்.