மாக் டெஸ்ட் அன்னைக்கு மட்டும் வயிறு பிசையுதுன்னு கேட்ட தம்பிக்கு

மார்த்தாண்டத்துல பேங்க் எக்ஸாமுக்கு படிக்கேன், டெஸ்ட் அன்னைக்கு வயித்து வலி, ஸ்கேன் எல்லாம் நார்மல், வீட்ல நடிப்புன்னு சொல்லுதாவன்னு எழுதிருக்க. நடிப்பு இல்ல மக்கா. மூளைக்கும் குடலுக்கும் வேகஸ் நரம்பு வழியா ரெண்டு பக்கமும் பேச்சு நடக்கும், டென்ஷன் கூடுனா குடல் ஓடுத வேகமே மாறும், சாதாரண கேஸ் கூட வலியா தெரியும், இதெல்லாம் ஸ்கேன்ல எங்க தெரியப்போவுது. டென்ஷன் உடம்ப நெஜமாவே பாதிக்கும்னு வேற ஆய்வும் இருக்கு: 1991ல வெளிவந்த ஆய்வுல, ஷெல்டன் கோஹன்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளரோட குழு நல்லா இருந்த 394 பேருக்கு மூக்குல சளி வைரஸ் விட்டு பாத்தாங்க, ஸ்ட்ரெஸ் கூடுதலா உள்ளவங்களுக்குத்தான் அதிகமா தொத்திச்சு.

ஒரு மார்க் போனாலும் ராத்திரி தூங்கமாட்டேன்னு சொன்னியே, எனக்கு அதுதான் முக்கியமா படுது. அந்த குணமே நோய் இல்ல, ஆனா டெஸ்ட் முடிஞ்சப்புறமும் உடம்ப டென்ஷன்லயே வச்சிருக்கும். நானும் 22 வயசுல வடசேரி பஸ் ஸ்டாண்டுல பாத்ரூம் தேடி ஓடுன ஆளுதான் (இப்ப சிரிப்பு வருது, அன்னைக்கு வரல்ல).

வெறும் வயித்துல கட்டன் சாயாவ நிப்பாட்டு, கஞ்சி குடிச்சிட்டு போ, உள்ள போறதுக்கு முன்னால மூச்ச மெதுவா நீளமா விடு. எடை குறைஞ்சாலோ, மலத்துல ரத்தம் வந்தாலோ, வலி தூக்கத்துல எழுப்புனாலோ டென்ஷன்னு விட்ராத, குடல் டாக்டர்ட்ட உடனே காட்டு.