துப்பாக்கிச் சத்தமும் காது இரைச்சலும்

கேள்வி: ஐயா, பணி ஓய்வுக்குப் பிறகு துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றில் சேர்ந்து, முறையான உரிமத்துடன் ஞாயிறுதோறும் பாயிண்ட் 22 ரைபிளில் பயிற்சி பெறுகிறேன். வீடு திரும்பியபின் இரண்டு மணி நேரத்துக்குக் காதில் ‘கொய்ங்’ என்ற இரைச்சல் ஓய்வதில்லை. இணையத்தில் சைலன்சர் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கிப் பொருத்துங்கள் என்கிறார் நண்பர். பொருத்தலாமா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: நண்பரின் யோசனையை இப்போதே மறந்துவிடுங்கள். நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், சுடும் ஓசையைக் குறைப்பதற்கென்றே செய்யப்பட்ட துணைக்கருவியையும் ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்குள் அடக்கியிருப்பதால், துப்பாக்கிக்கு நீங்கள் வைத்திருக்கும் உரிமம் அதற்கும் சேர்த்துச் செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. திரைப்படத்தில் வருவதுபோல அது சத்தத்தை ‘புஸ்’ என்று அடக்குவதுமில்லை. 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும், அவ்வளவுதான்.

ரைபிள் எழுப்பும் சத்தம் இரண்டு வகை. குழல் வாயிலிருந்து வெடித்து வெளியேறும் வாயுவின் ஓசை ஒன்று. ஒலியை முந்திச் செல்லும் குண்டு காற்றைக் கிழிக்கும் ‘படீர்’ ஓசை மற்றொன்று. நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. இலக்குப் பயிற்சிக்கென விற்கப்படும் சாதாரண வேகத் தோட்டாக்கள் 330 மீட்டர் அளவிலேயே செல்வதால், அதிவேகத் தோட்டாக்களை விட்டு அவற்றுக்கு மாறினாலே இரண்டாவது ஓசை இல்லாமற் போகும். சட்டச் சிக்கலும் இல்லை, செலவும் அதிகமில்லை.

ஆனால் உங்கள் காதைக் கெடுப்பது உங்கள் துப்பாக்கிதானா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. பாயிண்ட் 22 ரைபிள் 140 டெசிபலை ஒட்டி நிற்க, பெரிய ரைபிள்கள் 150 முதல் 170 வரை எழுப்பும். பின்னுதைப்பைக் குறைக்கும் மசில் பிரேக் பொருத்திய ரைபிளோ வாயுவைப் பக்கவாட்டில் தள்ளி, அருகில் இருப்பவர் காதில்தான் அறையும். நமது 2019ஆம் ஆண்டு இரைச்சல் விதிமுறைகள், தொழிலாளர் விஷயத்தில், உச்ச ஒலி 140 டெசிபலைத் தாண்டினாலே மிகை இரைச்சல் என்கின்றன. ஆகவே பெரிய ரைபிள்காரருக்கு அடுத்த தடத்தையும், சத்தம் எதிரொலிக்கும் சிமெண்டுச் சுவரோரத்தையும் தவிர்த்து இடம் கேளுங்கள்.

காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்வதாக இருந்தால், அது வைக்காததற்குச் சமம். நுரை இயர் பிளக்கை மெல்லிய திரிபோல் உருட்டி, எதிர்க் கையால் காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் தாங்கிப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே துருத்தி நிற்கும் பிளக் அலங்காரத்துக்குத்தான் உதவும். அதற்கு மேல் காதை முழுதாக மூடும் இயர் மஃப் அணியுங்கள். இரண்டும் சத்தத்தைக் குறைக்கும் அளவுகளை அப்படியே கூட்டிக் கணக்கிட முடியாது, கூடுதலாக 5 டெசிபல் அளவே கிடைக்கும் என்றாலும், துப்பாக்கிச் சத்தத்துக்கு அதுவும் தேவை. மூக்குக் கண்ணாடியின் தடித்த காம்பு இயர் மஃப் மெத்தையைத் தூக்கி இடைவெளி உண்டாக்கும். வியர்வையால் இறுகிப்போன மெத்தையும் அப்படியே.

ஒவ்வொரு முறையும் இரைச்சல் வருவது உள்காதின் நுண்ணிய செல்கள் அடிபடுவதற்கான அறிகுறி. அடுத்த ஞாயிறு கழகத்துக்குச் செல்லாமல், அதற்குள் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் கேட்புத்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள்.