கப்ரமட்டாவில் ஒரு கிண்ணம் ஃபோ

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிட்னியின் கப்ரமட்டா பகுதியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, போன ஞாயிறு மதியம் குடும்பத்தோடு அங்கே ஒரு வியட்நாம் உணவகத்துக்குப் போனோம். நீங்கள் புகழ்ந்திருந்த ஃபோ இரண்டு கிண்ணம் சொன்னோம். அரிசி நூடுல்ஸ், மேலே பாதி வேகாத மாட்டிறைச்சி, சுற்றிலும் வெந்நீர் போல ஒரு சாறு. காரமில்லை, புளிப்பில்லை. தனித் தட்டில் வந்த பச்சை இலைகளை அலங்காரம் என்று நினைத்து ஒதுக்கிவைத்தோம். மேசையில் இருந்த இரண்டு சாஸையும் ஊற்றிப் பார்த்தோம், ஒரே இனிப்பு. பையன் மட்டும் பொரித்த ரோல்களை ஆசையாகச் சாப்பிட்டான். நம் நாக்குக்கு இது ஒத்துவராது என்றே தோன்றுகிறது. நீங்கள் இதில் என்ன கண்டீர்கள்?

மீனா, சிட்னி

அன்புள்ள மீனா,

நீங்கள் ஒதுக்கிவைத்த அந்தத் தட்டில்தான் பாதிச் சாப்பாடு இருந்தது.

ஃபோவைச் சமையற்காரர் முடிப்பதில்லை. மிச்சத்தை நம் கையில் விட்டுவிடுகிறார். இறைச்சியைப் பாதி வேகாமல்தான் தருவார்கள். கிண்ணம் வந்த உடனே அதைக் குச்சியால் சாற்றுக்குள் அழுத்திவிட்டால் நிறம் மாறி வெந்துவிடும். பேசிக்கொண்டிருந்தால் சூடு போய்விடும். முழுக்க வெந்தது வேண்டுமானால் ‘டாய்’ என்று கேட்காமல் ‘சின்’ என்று கேளுங்கள்.

முதல்முறை அங்கே போனபோது நானும் சாஸ் புட்டியைத்தான் எடுத்தேன். அடுத்த மேசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். ஒரு சின்னத் தட்டை இழுத்து, கறுப்புச் சாஸையும் சிவப்புச் சாஸையும் அதில் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி, இறைச்சியை அதில் தொட்டுக்கொள்ளச் சொல்லிக் காட்டினார். பிறகு கரண்டியைச் சுட்டினார். முதலில் சாறு, எதுவும் கலக்காமல். அதன் பிறகுதான் எலுமிச்சை, மிளகாய், முளைப்பயறு, கையால் கிள்ளிய இலைகள். அந்த இலைகளில் ஒன்று நம் திருநீற்றுப் பச்சிலையின் இனம். சூட்டில் விழுந்ததும் கிண்ணத்தின் வாசனையே மாறிவிடும்.

இனி அந்த ‘வெந்நீர்’. மாட்டெலும்பை ஒருமுறை கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். மறுபடி புதுத் தண்ணீரில், சிறுதீயில், பல மணி நேரம். இஞ்சியையும் வெங்காயத்தையும் தோலோடு நெருப்பில் காட்டிக் கருக்கிப் போடுவார்கள். வறுத்த அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு துணி முடிச்சில் இறங்கும். நம் பிரியாணியில் இதே மூன்றும் மிளகாய்க்கும் தயிருக்கும் அடியில் கிடக்கும். இங்கே அவற்றை மறைக்க எதுவும் இல்லை. தீ கொஞ்சம் கூடினாலும் சாறு கலங்கிவிடும். பக்கத்திலேயே நின்று நுரையை வழித்தெடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். உங்கள் கண்ணுக்கு வெந்நீராகத் தெரிந்தது அந்த உழைப்புதான். அதன் மேல் சாஸை ஊற்றிவிட்டதில்தான் எனக்கு வருத்தம்.

இலைத் தட்டுக்கும் ஒரு கதை உண்டு. ஃபோ பிறந்தது வியட்நாமின் வடக்கே, ஹனோய், நாம்தின் பக்கம், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அங்கே இன்றும் வெங்காயத்தாள் தூவிய எளிய கிண்ணம்தான். 1954இல் நாடு இரண்டானபோது 8 லட்சம் பேருக்கு மேல் தெற்கே போனார்கள், ஃபோவும் போனது. முளைப்பயறும் பச்சிலையும் இனிப்புச் சாஸும் சேர்ந்தது தெற்கின் தலைநகரான சைகோனில். 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வடக்குப் படையிடம் வீழ்ந்தது, போர் முடிந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அகதிகள் ஐந்து பேரோடு ஒரு சிறு படகு ஆஸ்திரேலியாவின் வடக்கே டார்வினுக்கு வந்தது; பின்னால் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். சிட்னிக்கு வந்தவர்களில் பலருக்கு முதல் தங்குமிடம் கப்ரமட்டா, வில்லவுட் பக்கத்துக் குடியேறிகள் விடுதிகள். அங்கிருந்து வெளியே வந்தவர்கள் அருகிலேயே வீடு பிடித்தார்கள், கொல்லையில் இந்த இலைகளை நட்டார்கள். ஒரு கறிவேப்பிலைக் கன்றைக் குளிர்காலம் முழுக்க ஜன்னலோரம் வைத்துக் காப்பாற்றும் நம் வீடுகள் சிட்னியில் எத்தனை! உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாக்குக்கு ஒத்துவராது என்று ஒரு மதியத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். ஃபோ அவர்களுக்குக் காலை உணவும்கூட. ஒருநாள் காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றோடு போங்கள்.

பையன் சாப்பிட்டது ‘சாயோ’ என்று நினைக்கிறேன். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய புதுச்சேரிக் குடும்பங்கள் சிலவற்றில் அதை இன்றும் செய்கிறார்கள். அடுத்த முறை அதை லெட்டூஸ் இலையில் புதினாவோடு சுற்றி, கூட வரும் மீன் சாஸில் தோய்த்துக் கொடுங்கள். கருவாடு பிடிக்கும் வீடு என்றால் அந்த வாசனைக்குப் பையன் முகம் சுளிக்கமாட்டான்.