இரண்டு மாநில எண்கள், ஒரே ஐபோன்: எந்த வரிசையில் மாறுவது?

கேள்வி: எனக்குக் கம்பத்தில் வீடு, வண்டன்மேட்டுப் பக்கம் சிறிய ஏலத்தோட்டம். பல ஆண்டுகளாக ஆண்ட்ராய்டு போன்தான். தமிழ்நாட்டு எண் ஒன்று (வங்கியும் வாட்ஸ்அப்பும் இதில்தான்), கேரள எண் ஒன்று, இரண்டு சிம்மும் அந்தப் போனில்தான் இருக்கின்றன. வெளியூரிலிருக்கும் மகன் ஐபோன் வாங்கி அனுப்பியிருக்கிறான். அதைக் கடையில் கொடுத்து, புது மின்னஞ்சல் போட்டு, பயன்பாட்டுக்குத் தயார் செய்து வாங்கிவிட்டேன். அதில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் பழைய செய்தி ஒன்றுகூட இல்லை. பயந்துபோய்ப் பழைய போனிலேயே மறுபடி திறந்துகொண்டேன். இரண்டாவது சிம்மைச் செருக இடமும் இல்லை. சனிக்கிழமைதோறும் தோட்டத்து ஆட்களுக்கு ஜிபேயில் கூலி அனுப்ப வேண்டும். அது மட்டும் தடைபடக் கூடாது. நான் என்ன செய்வது?

பதில்: போன் மாறும்போது படங்களும் தொடர்புகளும் தொலைந்துவிடுமோ என்றுதான் பலரும் அஞ்சுகிறார்கள். உண்மையில் அவை எளிதாக வந்து சேர்ந்துவிடும். சிக்கல் வருவது உங்கள் எண்ணில்தான். வங்கி, வாட்ஸ்அப், அரசுச் சேவைகள் எல்லாமே உங்களை எண்ணை வைத்தே அடையாளம் காண்கின்றன. அந்த எண் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடைவெளியில், பாதுகாப்புக்காகவே சில கதவுகள் சிறிது நேரம் மூடிக்கொள்ளும். அந்த மூடல் எந்தக் கிழமையில் வர வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்துகொண்டால், சனிக்கிழமைக் கூலி தப்பிவிடும். அந்தக் கணக்கைக் கீழே போட்டுக் காட்டுகிறேன்.

முதலில் ஐபோனைத் துடைத்துவிட்டு, அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு, புதிதாகத் தொடங்குங்கள். ஆண்ட்ராய்டிலிருந்து வருபவர்களுக்காக ஆப்பிள் 2015இல் வெளியிட்ட 'மூவ் டு ஐஓஎஸ்' என்ற செயலி, ஐபோனை முதன்முறை அமைக்கும் கட்டத்தில் பயன்படுத்துவதற்காகவே உருவாக்கப்பட்டது. கடைக்காரர் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டார். அதனால்தான் உங்கள் ஐபோன் காலியாக இருக்கிறது. நீங்கள் எதையும் இழந்துவிடவில்லை. ஐபோனின் அமைப்புகளில் 'ஜெனரல்' பகுதியின் கீழே உள்ள 'டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் ஐபோன்' என்பதற்குள் 'எரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்' என்ற தேர்வு இருக்கும். அதைக் கொடுத்தால் ஐபோன் பெட்டியிலிருந்து எடுத்த நிலைக்குத் திரும்பும். இந்த இடைவெளியில் அதில் ஏதாவது படம் எடுத்திருந்தால், அதை மட்டும் முன்னதாக வேறிடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள்.

மாற்றத்துக்கு முன் பழைய போனில் ஒரு வேலை உண்டு. தொடர்பு எண்கள் எங்கே சேமிக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். பல ஆண்டுகள் ஓடிய போனில் சில எண்கள் கூகுள் கணக்கிலும், சில போனிலும், சில சிம்மிலுமாகச் சிதறிக் கிடக்கும். எல்லாவற்றையும் கூகுள் கணக்குக்கு மாற்றிவிடுவது நல்லது. ஐபோனில் அதே கணக்கைச் சேர்த்தவுடன் அவை வந்துவிடும். சிம்மில் உள்ள எண்களை ஐபோன் எடுத்துக்கொள்ளும், ஆனால் சிம்மில் எழுதாது. மெமரி கார்டு போட்டிருந்தால், அதிலுள்ளவையும் சேர்ந்து புதிய போனின் கொள்ளளவுக்குள் அடங்குமா என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஐபோனில் கார்டு செருக வழியில்லை.

வாட்ஸ்அப் விஷயத்தில் சற்றுப் பொறுமை வேண்டும். ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் எடுக்கும் காப்பு (பேக்கப்) கூகுள் டிரைவில் சேர்கிறது; ஐபோனில் உள்ள வாட்ஸ்அப் ஆப்பிளின் இணையச் சேமிப்பகமான ஐகிளவுடிலிருந்துதான் மீட்கும். ஒன்றின் காப்பை மற்றொன்று படிக்காது. எனவே "காப்பு எடுத்திருக்கிறேன், பின்னால் இறக்கிக்கொள்ளலாம்" என்ற நம்பிக்கை இங்கே உதவாது. 2022இலிருந்துதான் 'மூவ் டு ஐஓஎஸ்' வழியாகவே உரையாடல்களைக் கொண்டுபோகும் வசதி வந்தது. இரண்டு போன்களிலும் ஒரே எண்ணைப் பயன்படுத்த வேண்டும். ஐபோன் துடைக்கப்பட்ட நிலையில் இருக்க வேண்டும். இரண்டும் மின்னிணைப்பிலும் ஒரே வைஃபையிலும் இருக்க வேண்டும். தோட்டத்தில் இதைச் செய்ய முயலாமல், கம்பத்து வீட்டில் இரவு நேரத்தில் உட்கார்ந்து செய்யுங்கள்.

ஐபோன் காட்டும் குறியீட்டைப் பழைய போனில் இட்டதும், எவற்றையெல்லாம் மாற்றுவது என்ற பட்டியல் வரும். அதில் வாட்ஸ்அப்பைத் தேர்ந்தெடுத்தால், வாட்ஸ்அப் தானாகத் திறந்து தன் தரவைத் தயார் செய்யும். பழைய போனில் கணக்கிலிருந்து வெளியேறிவிடும். அது முடிந்ததும் மறுபடி 'மூவ் டு ஐஓஎஸ்' செயலிக்கு வந்து தொடர வேண்டும். பரிமாற்றம் முடியும்வரை பழைய போனின் திரையில் அந்தச் செயலி மட்டுமே இருக்கட்டும். நடுவில் அழைப்பை எடுப்பதும் வேறு செயலிக்குத் தாவுவதும் பரிமாற்றத்தை முறித்துவிடும். பழைய போனின் மொபைல் டேட்டாவையும் அணைத்து வைத்தால், வைஃபை இணைப்பு இடையில் தடம் மாறாது. பிறகு ஐபோனில் ஆப் ஸ்டோரிலிருந்து வாட்ஸ்அப்பை நிறுவி, அதே எண்ணைக் கொடுத்தால் பழைய உரையாடல்கள் வந்து சேரும். எல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்து முடிக்கும்வரை பழைய போனில் வாட்ஸ்அப்பை நீக்காதீர்கள். நீங்களாக அழிக்காதவரை அங்குள்ள தரவு அங்கேயே இருக்கும்.

இனி சிம். இந்தியாவில் விற்கப்படும் ஐபோன்களில் இரண்டு பிளாஸ்டிக் சிம்களுக்கு இடம் கிடையாது. பெரும்பாலான மாடல்களில் ஒரு பிளாஸ்டிக் சிம்மும் ஒரு இ-சிம்மும் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்) சேர்ந்து இயங்கும். உங்கள் எண்களில் ஒன்று இ-சிம்மாக மாறியே தீர வேண்டும். எதை மாற்றுவது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். கேரள எண்ணைப் பிளாஸ்டிக்காகவே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். மலையில் போன் கீழே விழுந்து உடைந்தாலோ தண்ணீரில் நனைந்தாலோ, பிளாஸ்டிக் சிம்மைக் கழற்றிப் பக்கத்தில் இருப்பவரின் பட்டன் போனில் போட்டு மேஸ்திரியிடம் பேசிவிடலாம். இ-சிம்மை அப்படிக் கழற்ற முடியாது. வேறு போனில் அதை அமைப்பதற்கு அந்தப் போனும் இ-சிம் வசதியுள்ளதாக இருக்க வேண்டும், இணைய இணைப்பும் வேண்டும். வங்கிக்கும் வாட்ஸ்அப்புக்கும் உரிய தமிழ்நாட்டு எண் இ-சிம்மாக இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: போனைத் திருடியவன் சிம்மை உருவி வேறு போனில் போட்டு ஓடிபி வாங்க முடியாது.

இ-சிம் மாற்றத்தை உங்கள் நிறுவனத்தின் செயலி வழியாகவோ, அதன் கடையிலோ கேட்டுப் பெறலாம். இந்த மாற்றத்துக்காக உங்களை யாரும் தாமாக முன்வந்து அழைக்க மாட்டார்கள். "இந்தச் செய்தியை அனுப்புங்கள், இந்தக் கியூஆர் படத்தைத் தாருங்கள்" என்று அழைப்பு வந்தால் அது உங்கள் எண்ணையே கைப்பற்றும் மோசடி. அப்படிப் பணம் போனால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

உங்கள் கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. சிம் மாற்றப்பட்ட எண்ணுக்கு, பாதுகாப்பு விதிப்படி, 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வருவதும் போவதும் நிறுத்தப்படும். பிளாஸ்டிக்கிலிருந்து இ-சிம்முக்கு மாறுவதும் சிம் மாற்றமே. அந்த ஒரு நாள் பேசலாம், இணையமும் ஓடும், ஆனால் வங்கி ஓடிபி வராது. ஜிபேயைப் புதிய போனில் பதிவு செய்யவும் முடியாது, ஏனென்றால் அந்தப் பதிவே உங்கள் எண்ணிலிருந்து போகும் ஒரு எஸ்எம்எஸ்ஸை நம்பித்தான் நடக்கிறது. பதிவு முடிந்த பிறகும் உடனே பழைய அளவுக்குப் பணம் அனுப்ப முடியாது. புதிய கருவியில் முதல் 24 மணி நேரத்துக்கு மொத்தமாக 5,000 ரூபாய் வரை என்ற வரம்பு பொதுவாக உண்டு. ஐபோனுக்கு அதை 72 மணி நேரமாக வைத்திருக்கும் வங்கிகளும் இருக்கின்றன.

ஆகவே சனிக்கிழமை கூலி அனைத்தையும் பழைய போனிலேயே அனுப்பி முடியுங்கள். அன்றிரவே, தமிழ்நாட்டு சிம் இன்னும் பழைய போனில் இருக்கும்போதே, படங்களையும் வாட்ஸ்அப்பையும் மாற்றிவிடுங்கள். வாட்ஸ்அப் கேட்கும் ஓடிபி பழைய போனுக்கு வரும், அதைப் பார்த்து ஐபோனில் இட்டால் போதும். ஞாயிறு காலையில் இ-சிம்முக்கு மாறுங்கள். அன்று ஒரு நாள் கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும். திங்கள் மதியத்துக்குள் எஸ்எம்எஸ் திரும்பிவிடும். அதன்பின் ஜிபேயைப் பதிவு செய்தால், 72 மணி நேர வரம்பு இருந்தாலும்கூட வியாழன் மதியம் அது தீர்ந்துவிடும். அடுத்த சனிக்கிழமைக்கு முன் வெள்ளிக்கிழமை முழுதாக உங்கள் கையில் மிஞ்சும். இதையே புதன்கிழமை தொடங்கியிருந்தால், கூலி நாளில் வரம்பில் இடித்துக்கொண்டு நின்றிருப்பீர்கள்.

ஜிபே பதிவில் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஆண்ட்ராய்டில் செயலி தானே எஸ்எம்எஸ்ஸை அனுப்பிவிடும். ஐபோன் அதை அனுமதிப்பதில்லை. செய்தி எழுதிய பெட்டி திறந்து நிற்கும், நீங்களே அனுப்பு பொத்தானைத் தொட வேண்டும். தொடுவதற்கு முன் அந்தப் பெட்டியில் எந்த எண்ணிலிருந்து போகிறது என்பதைப் பாருங்கள். கேரள எண் தேர்வாகியிருந்தால் பதிவு தோற்கும். இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் "சரிபார்ப்பு தோல்வி" என்று புலம்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பழைய யூபிஐ பின் எண்ணே தொடரும். புதிதாக அமைக்க வேண்டியதில்லை.

தமிழ்நாடும் கேரளமும் தொலைத்தொடர்பில் தனித்தனி வட்டங்கள், அதாவது ஒன்றின் எண் மற்றொன்றில் 'ரோமிங்' ஆகிவிடும். கம்பம்மெட்டு ஏறி எல்லையைத் தாண்டியதும் தமிழ்நாட்டு எண்ணில் இணையம் நின்றுபோனால், அந்த எண்ணுக்குரிய 'டேட்டா ரோமிங்' பொத்தான் அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'அலவ் மொபைல் டேட்டா ஸ்விட்சிங்' என்பதை இயக்கி வைத்தால், ஒரு எண்ணில் சிக்னல் இல்லாத இடத்தில் மற்றொன்றின் இணையத்தை ஐபோன் எடுத்துக்கொள்ளும்.

அழைப்புகளைப் பதிவு செய்து வைக்கும் பழக்கம் வியாபாரிகள் பலருக்கும் உண்டு. உங்களுக்கும் இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2024இல் வந்த ஐஓஎஸ் 18.1 என்ற ஐபோன் மென்பொருள் பதிப்பு முதல் ஐபோனிலும் பதிவு செய்யலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் நீங்களே தொடங்க வேண்டும், தொடங்கியதும் எதிர்முனையில் இருப்பவருக்கும் கேட்கும்படி அறிவிப்பு ஒலிக்கும். விலை பேசும்போது அது சங்கடமாகத்தான் இருக்கும். தட்டச்சில் கவலை இல்லை: தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் 2013 முதலே ஐபோனில் உள்ளன, மலையாள விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டில் காசு கொடுத்து வாங்கிய செயலிகள் இருந்தால் அவற்றை இங்கே மறுபடி வாங்க வேண்டியிருக்கும்.

பழைய போனை அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். ஒரு மாதம் போல வீட்டில் வைத்திருந்து, அதில் மட்டுமே இருக்கும் அழைப்புப் பதிவுகள், ஆவணப் படங்கள், ஓடிபி உருவாக்கும் செயலிகளின் கணக்குகள் எல்லாம் வெளியே வந்துவிட்டனவா என்று பாருங்கள். கொடுக்கும் நாளில், போனைத் துடைப்பதற்கு முன் அமைப்புகளில் போய் கூகுள் கணக்கை நீக்க வேண்டும்; நீக்காமல் துடைத்தால், வாங்கியவர் திறக்கும்போது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு நிற்கக்கூடும்.