அமெரிக்காவுல ஒரு போஸ்ட் ஆபீஸுக்கு ஒருத்தர் பேரை வைக்க எதுக்கு தனியா சட்டம் போடணும்?

ஏன்னா அங்க அந்தப் பேரை வைக்கிறது காங்கிரஸ்ங்கிற அவங்க நாடாளுமன்றம்தான், அதனால சாதாரண மசோதா மாதிரியே ரெண்டு சபையிலயும் பாஸாகி ஜனாதிபதி கையெழுத்தும் வாங்கணும். அந்த ஏரியா எம்பி மசோதா கொண்டு வருவார், அதே மாநிலத்து மத்த எம்பிங்களும் கட்சி பாக்காம கையெழுத்து போடுறது வழக்கம். பாஸானதும் கட்டடத்துக்குள்ள ஒரு பலகை மாட்டுவாங்க, அட்ரஸ், பின்கோடு எதுவும் மாறாது.

சமீப வருஷங்கள்ல நிறைவேறுற சட்டங்கள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒண்ணு இதுதானாம், அதைச் சொல்லி வெட்டி வேலைன்னு திட்டுறவங்க நிறைய பேர். நான் ஒத்துக்க மாட்டேன். ஹூஸ்டன்ல சந்தீப் சிங் தாலிவால்னு ஒரு போலீஸ்காரர், ஹாரிஸ் கவுண்டி ஷெரிஃப் ஆபீஸ்ல (அந்த மாவட்டத்து போலீஸ் மாதிரி) தலைப்பாகையோட டியூட்டி பாக்க அனுமதி வாங்கின முதல் சீக்கியர், 2019 செப்டம்பர்ல ஒரு காரை நிறுத்தி விசாரிச்சப்ப சுட்டுக் கொன்னுட்டாங்க. அடுத்த வருஷமே சட்டம் போட்டு அங்க ஒரு போஸ்ட் ஆபீஸுக்கு அவர் பேரை வெச்சாங்க. ஸ்டாம்ப் வாங்க வர்றவங்க தினமும் அந்தப் பேரைப் படிக்கிறாங்க, அந்தக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!