பேர்கோலேற்றர் கோப்பி கசக்கிறது, அடியில் மண்டி: பதில்

வணக்கம். கிளிநொச்சியில் காஸ் அடுப்பு, ஆறு கோப்பைப் பேர்கோலேற்றர் (கொதிதண்ணி நடுக்குழாயால் மேலே ஏறி, கூடையில் இருக்கிற தூளின் மேல் விழுந்து இறங்குகிற கோப்பிப் பாத்திரம்), கடைக் கோப்பித்தூள். குடித்தால் கசப்பு, அடியில் மண்டி என்று எழுதியிருந்தீர்கள். பிழை தூளில்தான். எங்கட கடைத்தூள் சுடுதண்ணி ஊற்றிக் கலக்கிக் குடிக்கவென்று மாவாக அரைத்தது. கூடையின் துளைகளால் அப்படியே இறங்கும். கொதிதண்ணி திரும்பத் திரும்ப மேலால் ஓட, கசப்பையும் கக்கும். மல்லி, சுக்குச் சேர்த்த தூள் இதற்குச் சரிவராது. வறுத்த கொட்டை வாங்கி உரலில் இடித்து, மா அரிக்கிற அரிதட்டில் அரியுங்கள். மேலே நிற்கிற கப்பிதான் வேணும், ரவையிலும் பருமனாக.

900 மில்லி பச்சைத்தண்ணிக்கு 50 கிராம் போதும். தண்ணி கூடையைத் தொடக்கூடாது. மூடியில் இருக்கிற கண்ணாடிக் குமிழில் கோப்பியின் முதல் துள்ளல் தெரிந்தவுடன் நெருப்பைக் குறையுங்கள்: இரண்டு மூன்று செக்கனுக்கு ஒரு துள்ளல், 7 நிமிடம். விறகடுப்பென்றால் கொள்ளியை இழுத்துவிட்டுத் தணலில் வையுங்கள். இறக்கினதும் கூடையை உடனே வெளியில் எடுங்கள், எடுக்காமல் விடுவதுதான் கனபேர் விடுகிற பிழை.

கேத்திலில் கிணற்றுத்தண்ணி வெள்ளையாகப் படியுது என்றீர்களே, அதே படிவு நடுக்குழாயையும் அடைக்கும். பிறகு தண்ணி மேலே ஏறாது. மாதம் ஒருக்கா வினாகிரியும் தண்ணியும் சரிபாதி சேர்த்துச் சூடாக்கி, குழாயை 20 நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.